இருபத்தெட்டுத் தவணை

ஜமுனாமரத்தூர்,
6-7-2025

அன்புள்ள தம்பி கோகுலுக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நல்லபடி இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அந்தக் கம்பெனி ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்து இன்னும் இளைக்காமல் இருந்தால் சரி.

வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிறவளுக்கு இன்னா திடீரென்று கடிதம் என்று சிரிப்பாய். எல்லாம் நம் வக்கீல் சக்கரவர்த்தி சார் உத்தரவு. அப்பா போன வருஷம் புளி மண்டி ஃபஹீமுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, நம் மேல் கேஸ் போட்ட அவர்கள் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். "மீதிப் பணத்துக்குக் கொஞ்சம் டைம் குடு தம்பி" என்று அப்பா பேசியது. அவர் சொன்னது கடைசிப் பத்தாயிரத்தை. அவர்கள் அதையே பிடித்துக்கொண்டு முழுக் கடனும் பாக்கி என்கிறார்கள். "கேஸைப் பத்தி இனிமே ஃபோன்ல மூச்சு விடக் கூடாதும்மா. எழுதுங்க. லெட்டர்னா நம்ம கையில இருக்கும், வேணாம்னா கிழிச்சுப் போட்டுக்கலாம்" என்றார் வக்கீல்.

நீயும் சாட்சி சொல்ல வரவேண்டியிருக்கும். பேச்சு மாறக் கூடாது என்பதால், வக்கீலுக்கு எழுதிக் கொடுத்ததையே உனக்கும் எழுதுகிறேன். 2022 மாசியில் அம்மாவின் ஆபரேஷனுக்காக அப்பா திருப்பத்தூர் புளி மண்டி லத்தீப் பாயிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை லட்சம் வாங்கினார். வட்டிக்குப் பதில் வருஷா வருஷம் மரத்துப் புளியில் ஒரு பங்கு. அசலை நீ அடைப்பதாகச் சொன்னாய். வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, பாயின் மகன் ஃபஹீமின் கணக்குக்கு மாதம் ஐயாயிரம் போட்டாய். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து இருபத்தெட்டு மாதம். ஆக ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அப்புறம் பாய் இறந்துபோனார். இப்போது அவர் மனைவி ஃபரீதாவும் ஃபஹீமும் முழு ஒன்றரை லட்சத்துக்கும் வட்டியோடு கேஸ் போட்டிருக்கிறார்கள்.

நீ கட்டிய பணத்துக்கு ஃபஹீம் இன்னா பதில் எழுதியிருக்கிறான் தெரியுமா? அது வேறு கணக்காம். அவனுக்கும் உனக்கும் தனியாக ஒரு கைமாற்று இருந்ததாம், அதைத்தான் நீ அடைத்தாயாம்! நீ ஐ.டி.ஐ. படித்தபோது இரண்டு வருஷம் அவர்கள் மண்டி மாடியில்தான் தங்கினாய். ஒரே தட்டில் உன்னோடு சாப்பிட்டவன் இப்படி வாய் கூசாமல் எழுதுகிறான்.

பேங்கில் உன் கணக்கு விவரத்தை வாங்கி உடனே அனுப்பு. ஜனவரி 2022-லிருந்து வேண்டுமாம்.

உன் அக்கா,
கோகிலவாணி

*

ஒரகடம்,
29-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு மறுபடி வயிற்றில் வலி இருக்கிறதா? மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். அப்பா கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இங்கே மூன்று ஷிஃப்ட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், பேங்க் திறந்திருக்கும் நேரத்தில் நான் தூங்குகிறேன். ஸ்டேட்மென்ட்டை வாங்கி அனுப்புகிறேன்.

ஃபஹீமைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை அக்கா. ஏதோ குழப்பத்தில் எழுதியிருப்பான். கேஸ் என்று நடந்தால் இரண்டு பக்கமும் வக்கீலுக்குத்தான் லாபம். பெரியவர்கள் யாரையாவது வைத்துப் பேசி சமாதானமாக முடிக்க முடியாதா? வேண்டுமென்றால் இனிமேல் மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நான் மறுபடியும் கட்டுகிறேன்.

இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
கோகுல்

*

ஜமுனாமரத்தூர்,
10-8-2025

அன்புள்ள கோகுலுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவருக்கு இப்போது வீக்கமெல்லாம் மனசில்தான்.

மறுபடியும் கட்டுகிறாயா? கட்டிய பணத்தை இன்னொரு தடவை கட்ட நமக்கென்ன மலையில் பணம் காய்க்கிறதா? சமாதானம் பேசினால் இன்னா அர்த்தம்? அப்பா பதில் மனுவில் எழுதியது பொய் என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகும். இந்த ஊரில் வேடியப்பன் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. போன சந்தையில் கோபால்சாமி கடையில் சர்க்கரை வாங்கப் போன அப்பாவிடம் அவன், "கடன் கேஸ்னு சொல்றாங்களே, உண்மையா அண்ணே?" என்று கேட்டிருக்கிறான். சர்க்கரை வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். ரெண்டு நாள் வெறும் காப்பித்தண்ணிதான் குடித்தார்.

தோற்றால் வட்டியும் செலவும் சேர்த்து இரண்டேகால் லட்சம் வருமாம். அது நம்மிடம் இல்லை என்று உனக்கே தெரியும். அந்த இரண்டரை ஏக்கரையும் பத்தொன்பது புளியமரத்தையும் ஜப்தி செய்வார்கள். நம் வீட்டு அடுப்பு எரிவதே அந்த மரங்களால்தான். என் அங்கன்வாடிச் சம்பளம் அம்மாவின் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் சரி.

வக்கீல் ஒரு கேள்வி கேட்டார். எதிர்த்தரப்பும் இதைக் கேட்பார்களாம், பதிலைத் தயாராக வைத்துக்கொள்: "இருபத்தெட்டு மாதம் ஒழுங்காகக் கட்டியவன், இன்னும் இரண்டே மாதம் கட்டினால் கடன் தீர்ந்தது என்கிறபோது ஏன் நிறுத்தினான்?" லத்தீப் பாய் இறந்தது அக்டோபரில். நீ நிறுத்தியது அதற்கு முன்பே, ஆகஸ்டோடு. எனக்கும் அது பிடிபடவில்லை. இன்னா ஆச்சு அப்போது?

ஸ்டேட்மென்ட், ஸ்டேட்மென்ட், ஸ்டேட்மென்ட். மூன்று தடவை எழுதியாயிற்று.

அக்கா

*

ஒரகடம்,
14-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்டேட்மென்ட் இத்துடன் இருக்கிறது. இருபத்தெட்டுத் தவணைக்கும் பச்சை மையில் டிக் போட்டிருக்கிறேன்.

அப்போது ஏன் நிறுத்தினேன் என்றால், அந்த மாதம் கம்பெனியில் ஓவர்டைமை வெட்டிவிட்டார்கள். வேறொன்றும் இல்லை.

கோகுல்

*

ஜமுனாமரத்தூர்,
24-9-2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். சாமை கதிர் பிடித்திருக்கிறது, மழை ஏமாற்றாவிட்டால் இந்த வருஷம் நல்ல விளைச்சல். உன் கடிதத்தில் சரக்கு கம்மி, ஒரு போஸ்ட் கார்டில் அடங்கியிருக்கும். பரவாயில்லை, நான் எழுதுகிறேன், நீ படி. மனசு குளிரும் சேதி இருக்கிறது.

பதினெட்டாம் தேதி ஃபஹீம் கூண்டில் ஏறினான். நானும் அப்பாவும் முதல் பஸ்ஸிலேயே திருப்பத்தூர் போய்விட்டோம். ஆள் இளைத்திருக்கிறான். நம்மைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான், குற்றமுள்ள நெஞ்சு. 2022 ஏப்ரலில் உனக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கைமாற்றுக் கொடுத்தானாம். நாம் கட்டிய தொகைக்குச் சரியாக வருகிற மாதிரி எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறான் பார்!

நம் வக்கீல் விடவில்லை.

"நோட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"செக்கு?"

"இல்லீங்க, ரொக்கமா கையில குடுத்தேன்."

"ஒன்றரை லட்சத்துக்கு உங்க அப்பா நோட்டு வாங்கறாரு, நீங்க வாங்கலையா?"

"அவன் எனக்கு மச்சான் மாதிரிங்க. அவன்கிட்ட எப்டிங்க நோட்டு வாங்கறது?"

கோர்ட்டே சிரித்தது. அப்பாகூடச் சிரித்துவிட்டார். இந்தக் கேஸ் தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரி, எதுக்குன்னு கேட்டு வாங்கினார் உங்க மச்சான்?" என்றார் வக்கீல்.

"அத நான் சொல்ல மாட்டேங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லிருக்கேன்" என்றான்.

ஜட்ஜம்மாவே, "சொல்லலேன்னா உங்களுக்குத்தான் நஷ்டம், தெரியுதா?" என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றான். இன்னா நடிப்பு! சொல்ல ஒன்றுமிருந்தால்தானே சொல்வான்? வெளியே வந்ததும் வக்கீல் அப்பாவிடம், "பாதிக் கேஸ் முடிஞ்சுதுங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு விஷயம். நீ அனுப்பிய ஸ்டேட்மென்ட் மே மாதத்திலிருந்துதான் இருக்கிறது. தாள்களின் அடியில் 3 என்று நம்பர் தொடங்குகிறது. முதல் இரண்டு பக்கம் எங்கே? தவறிப்போய் உன்னிடம் தங்கிவிட்டதா? தேடி அனுப்பு.

அக்கா

*

ஜமுனாமரத்தூர்,
20-10-2025

கோகுலுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா அதிரசத்துக்கு மாவு பிடித்து வைத்திருந்தாள். லீவு இல்லை என்று ஃபோனில் சொல்லிவிட்டாய். சரி. போன கடிதத்துக்குப் பதில் எழுதவும் லீவு இல்லையா?

சாட்சிப் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்தாயிற்று. அவர்கள் பக்கம் ஃபரீதா பாயம்மா சொல்லி முடித்ததும் நம் பக்கம் தொடங்கும். முதலில் அப்பா, அடுத்து நீ. முதல் இரண்டு பக்கம் இன்னும் வரவில்லை.

அக்கா

*

ஒரகடம்,
2-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். இப்போது தேவலை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் கட்டாயம் வந்துதான் ஆக வேண்டுமா? வராவிட்டால் கேஸ் இன்னா ஆகும் என்று வக்கீலிடம் கேட்டு எழுது. ஸ்டேட்மென்ட்டே போதாதா?

ஃபஹீம் இளைத்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். ரொம்பவா? அவன் தங்கை அஃப்ராவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்களே, முடிந்ததா? அவன் கூண்டில் நின்று சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அப்பா அவனைப் பற்றி இன்னா சொல்கிறார்? திட்டுகிறாரா?

கோகுல்

*

ஜமுனாமரத்தூர்,
21-11-2025

தம்பிக்கு,

அம்மா நலம். நானும் நலம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி ஃபரீதா பாயம்மா சாட்சி சொன்னார். வெள்ளைத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். எனக்குக் கோபம்தான் வர வேண்டும். நான் சின்னப் பெண்ணாகப் புளி மூட்டையோடு மண்டிக்குப் போனால் முதலில் பசிக்குதா என்று கேட்கிறவர் அவர். அது ஞாபகம் வந்து தொலைத்தது.

நம் வக்கீல் கேட்ட எதற்கும் அவர் சுற்றி வளைக்கவில்லை. கடைசியில் அவராகவே ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரர் மவுத்தாகி நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு இவர் வந்தாரும்மா. புள்ளையும் கூட வந்தான். தேன் கொண்டாந்தார், சாமை கொண்டாந்தார். சாப்ட்டார், போய்ட்டார். கடன் தீந்தவரா இருந்தா, பாக்கி இவ்ளோதான், இந்தா புடி, அந்த நோட்ட குடுத்துடும்மான்னு ஒரு வார்த்த கேட்டுருக்க மாட்டாரா? ஒண்ணுமே கேக்கல. அதனாலதான் பணம் வரலன்னு எனக்கு உறுதியாச்சு."

ஜட்ஜம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

அப்பா ஏன் கேட்கவில்லை என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது: சாவு விழுந்த வீட்டில் காகிதம் கேட்பது நம் பழக்கத்தில் இல்லை. வருஷம் திரும்புகிற வரைக்கும் கொடுக்கல் வாங்கல் பேச்சையே எடுக்க மாட்டோம். அதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று வக்கீலுக்கே சந்தேகம். மரியாதைக்காகப் பேசாமல் வந்தது இப்போது நம் கழுத்துக்கே கத்தியாகிவிட்டது.

இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் கேக்கத்தாம்மா போனேன். வருசத்துக்குள்ள கேக்கக் கூடாதுதான். ஆனா தீந்து போன கடன், பத்தாயிரத்த மடியில கட்டிக்கினு போனேன். குடுத்துட்டு நோட்ட வாங்கினு வந்துடலாம்னு. வாசல்ல வெச்சு கோகுலுதான் கையப் புடிச்சு வெளிய இஸ்துக்கினு வந்தான். சாவு வூட்ல காயிதம் கேப்பாங்களாப்பான்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. எம்புள்ளைக்கு எம்மாம் மரியாத தெரிஞ்சிருக்குதுன்னு."

அதற்கப்புறம் ஊர் வருகிற வரை எனக்குள் ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கம் குறைகிற ஸ்டேட்மென்ட். இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்றுபோன தவணை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

நீ வராவிட்டால் இன்னா ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். நீ வந்து, "அப்பா கடனுக்குத்தான் கட்டினேன்" என்று ஒரே ஒரு வரி சொன்னால் கேஸ் நம் பக்கம் என்றார். வராவிட்டால் மரங்கள் போய்விடும்.

கோகுல், உன் அக்காவாக ஒரு கேள்வி கேட்கிறேன். அன்றைக்கு ஏன் அப்பாவை வெளியே இழுத்து வந்தாய்?

கோகிலவாணி

*

ஒரகடம்,
3-12-2025

அக்கா,

எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: அப்பா நோட்டைக் கேட்டிருந்தால், "எந்தப் பணம் மாமா?" என்று ஃபஹீம் கேட்டிருப்பான். அதனால்தான் இழுத்தேன்.

ஃபஹீம் கோர்ட்டில் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிஜம். 2022 தொடக்கத்தில் ஃபோனில் ரம்மி ஆடினேன். முதலில் இரண்டாயிரம் வந்தது, அப்புறம் எல்லாம் போனது. போனதைப் பிடிக்க ஃபோனிலேயே கடன் கொடுக்கிற ஆப்புகளில் வாங்கினேன். ஒன்றை அடைக்க இன்னொன்று, மொத்தம் ஒன்பது. ஏப்ரலில் அந்த ஆப்புக்காரர்கள் என் முகத்தை வேறு யாரோ அம்மணமாக நிற்கிற உடம்பில் ஒட்டி எனக்கு அனுப்பினார்கள். "பணம் வராவிட்டால் உன் ஃபோனில் இருக்கிற எல்லோருக்கும் போகும்" என்று கீழே ஒரு பட்டியல். முதல் பெயர், "அக்கா".

நான் ஒரகடத்திலிருந்து நேராகத் திருப்பத்தூர் போய் மண்டி மாடியில் ஃபஹீம் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் அவன் பைக்கை விற்று, மீதிக்கு யார் யாரிடமோ வாங்கி, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கையில் கொடுத்தான். நீ கேட்கிற அந்த இரண்டு பக்கத்தில் அது இருக்கிறது. நான் கணக்கில் போட்ட ரொக்கம் அதே நாளில் உள்ளே வந்து ஒன்பது இடத்துக்குப் போகிறது. யாரிடமும் சொல்லாதே மச்சான் என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். அதைத்தான் அவன் கூண்டில் காப்பாற்றினான்.

வீட்டுக்கு ஏன் பணம் அனுப்பவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்துதான், பாய் கடனை நான் அடைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவனுக்குக் கட்டியதும் அப்பாவுக்குச் சொன்னதும் ஒரே ஐயாயிரம். இருபத்தெட்டில் என் கடன் தீர்ந்தது, நின்றுவிட்டது. இனி உண்மையாகவே அப்பா கடனைக் கட்ட வேண்டும் என்று தினம் நினைத்தேன். பாய் இறந்தார். கேஸ் போடும் முன்னால் ஃபஹீம் என்னை மூன்று தடவை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. வக்கீல் சொன்ன மாதிரி கிழித்துப் போட்டால், நான் வந்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மரங்கள் தங்கும். கிழிக்க வேண்டாம் என்றால் அதற்கும் வருகிறேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை அக்கா. நீ சொல்வதைச் செய்கிறேன்.

கோகுல்

*

ஜமுனாமரத்தூர்,
19-1-2026

கோகுல்,

அம்மா நலம். பொங்கலுக்கு நீ வராததால் அவள் கரும்பைத் தொடவில்லை.

ஒன்றரை மாதமாக உனக்கு எழுதவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைகளாக எழுதியிருப்பேன். நீ செய்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். கடைசியில், "நீ சொல்வதைச் செய்கிறேன்" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யை மூன்றரை வருஷம் நீ சுமந்துவிட்டு, அதைத் தூக்கிப் போடுகிற வேலையை மட்டும் என் தலையில் கட்டினாய்.

உன் கடிதத்தை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தேன். இரண்டு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். பொய் சொல்ல மாட்டேன், எரிக்கத்தான் கொண்டுபோனேன். பத்தொன்பது மரம், தம்பி. இந்த வருஷம் கொம்பு கொம்பாகக் காய்த்திருக்கிறது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதுகூட, ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் மத்தியானம் அப்பா தோப்பில் நின்று காயை நகத்தால் கீறிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "அந்தப் பாயம்மா பொய் சொல்ற ஆளு இல்லம்மா. அதான் எனக்குத் தூக்கம் வரல" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டுக்குள் போய் உன் கடிதத்தை எடுத்து வந்து மரத்தடியிலேயே படித்துக் காட்டிவிட்டேன்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். ரம்மி என்றால் இன்னா என்று ஒரு தடவை கேட்டார், சீட்டாட்டம் என்றேன். ஃபஹீம் பைக்கை விற்ற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றார். படித்தேன். அவன் கூண்டில் காப்பாற்றினான் என்று நீ எழுதிய வரியையும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

அப்புறம், "அன்னிக்கு கோர்ட்ல அந்தப் பையன் நின்னப்போ எல்லாரும் சிரிச்சாங்களே. நான் சிரிச்சனா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

வக்கீலிடம் நேற்றுச் சொல்லிவிட்டோம். கெலிக்கிற கேஸைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறீர்களே என்று கத்தினார். அப்பா அவரிடம், "பதில் மனுவுல கையெழுத்து போட்டப்போ எனக்குத் தெரியாதுங்க. இப்போ தெரியும். தெரிஞ்சுக்கினு கூண்டுல ஏறிச் சொன்னா அது என் பொய்யிங்க" என்றார்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. அந்தப் படம் எனக்கு வந்திருந்தால் உன்னைக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருப்பேன், அப்புறம் என் தோட்டை அடகு வைத்திருப்பேன். அவ்வளவுதானடா. அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று ஊரையே பிடித்து உலுக்கிவிட்டாயே.

அப்பா தனியாக எழுதச் சொல்கிறார். அடுத்த தாளில் இருப்பது அவர் பேச்சு. ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை.

அக்கா

*

கோகுலு,

அப்பன் சொல்றேன், அக்கா எழுதறா. இங்க எல்லாம் நல்லா கீறோம். நீ வேளைக்குத் துன்னு.

உம்மேல எனக்குக் கோவம் கீது. அத நேர்ல பேசிக்கலாம். லெட்டர்ல திட்னா அக்கா கை வலிக்கும்.

அடுத்த மாசம் ஒம்பதாம் தேதி கோர்ட்டு. அதுக்கு முன்னாடி அஞ்சாம் தேதி காலம்பற நீ திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கு. நான் அங்கயே நிக்கறேன். ரெண்டு பேரும் பாயம்மா வூட்டுக்குப் போறோம். தேனு வேணாம், சாமை வேணாம். வெறுங்கையோட போறோம்.

பணத்தப் பத்தி நான் பேசிக்கிறேன். இந்த மாசிப் புளி மொத்தமும் அவங்க மண்டிக்குத்தான். அது பத்தாது, அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம், தீர்ற வரைக்கும். அதுக்கு அவங்க ஒத்துக்கினாலும் சரி, மரத்தையே எழுதி வாங்கிக்கினாலும் சரி. லீவு போட்டு வந்து மரம் ஏறி உலுக்கறது நீ. மூட்டைய எறக்கறதும் நீ. ஃபஹீம் தம்பி கையில நீதான் குடுக்கணும்.

ஆனா அவன் உனக்காக வாய மூடிக்கினு நின்னான் பாரு, அதுக்கு எங்கிட்ட புளி இல்ல. நான் சிரிச்சதுக்கும் இல்ல. அதுக்கு மன்னிப்ப அவன் மூஞ்சியப் பாத்து நாம ரெண்டு பேரும்தான் கேட்டுக்கணும்.

வாசல்ல உனக்குக் கால் வராது. எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ எங்கையப் புடிச்சு வெளிய இஸ்துக்கினு வந்த. இந்த வாட்டி நான் உங்கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கினு போறேன்.

பஸ் ஏறி வா.

வேடியப்பன்